எந்தத் துறை என் துறை?



எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது நம்ம ஊர்க் கோவில்கள் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பிள்ளையார் சன்னதியில் அர்ச்சனை வரிசை வாசல் வரைக்கும் வந்துவிடும். பேனாவைத் தட்டில் வைத்துக் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், தேர்வு எண் அச்சடித்த தாளையே சாமி பாதத்தில் வைக்கச் சொல்லும் அம்மாக்கள் இன்னொரு பக்கம். குருக்களும் பேர், நட்சத்திரம் எல்லாம் கேட்டுப் பொறுமையாகச் செய்து கொடுப்பார். நல்ல விஷயம்தான். ஆனால் அதே பிள்ளை யூ.பி.யூ. விண்ணப்பத்தில் எந்தத் துறையை முதல் இடத்தில் போடுவது என்று தெரியாமல் முழிக்கும்போது கோவில் பக்கமே வருவதில்லை. மார்க்குக்கு மட்டும் சாமி வேண்டும். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு மாமா போதும், டிக்டாக் போதும், பக்கத்து வீட்டு அக்கா போதும்.

நானே சில பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா. சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோவில் சமய வகுப்பில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் தேவாரத்தில் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. "அக்கா, நான் என்ன எடுக்கிறது?" என்றுதான் கேட்கிறார்கள். சமய வகுப்பில் கேட்கக் கூடாத கேள்வி இது என்று நான் நினைக்கவில்லை. நம்ம சமயத்தில் இதற்கு இடம் இருக்கிறது, அதுவும் பெரிய இடம்.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயம் ஒரு மாணவரோடு ஆரம்பிக்கிறது. மாணவர் யார் தெரியுமா? நாரதர். சனத்குமாரரிடம் பாடம் கேட்கப் போகிறார். இதுவரைக்கும் என்ன படித்திருக்கிறாய் என்று குரு விசாரிக்கிறார். நாரதர் பட்டியல் போடுகிறார். நான்கு வேதம், இதிகாச புராணம், இலக்கணம், கணிதம், தர்க்கம், நட்சத்திரங்களைப் பற்றிய படிப்பு, போர்க்கலை, பாம்பைப் பற்றிய வித்தை என்று அது போய்க்கொண்டே இருக்கிறது. நம்ம கணக்கில் பத்து ஏ-வுக்கு மேலே. அதைச் சொல்லி முடித்த கையோடு, இத்தனையும் படித்தும் தன்னை யார் என்று தனக்குத் தெரியவில்லை, மனசு துக்கத்தில் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறார். இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ரிசல்ட் வந்த அன்றைக்கு எல்லோரும் தூக்கி வைத்துக் கொண்டாடிய பிள்ளைகள், ஒரு வாரம் கழித்துக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நமக்கு எது வரும் என்று ரிசல்ட் ஸ்லிப் சொல்லும். நாம் யார் என்று அதில் எந்தக் கட்டத்திலும் போட்டிருக்காது.

சரி, தன்னைத் தெரிந்துகொள்வது எப்படி? கண்ணை மூடி உட்கார்ந்தால் தெரிந்துவிடுமா? எனக்குத் தெரிந்து முதலில் தெரிவது பசி, அப்புறம் கைப்பேசி. சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு காரணம் சொல்கிறது. உயிருக்குத் தனியாக நிற்கும் பழக்கம் இல்லை. எதைச் சார்ந்திருக்கிறதோ அதன் தன்மையாகவே ஆகிவிடும். ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று இதற்குப் பேர். உதாரணமாகப் படிகத்தைக் காட்டுவார்கள். நம்ம தாத்தாமார் கழுத்தில் போட்டிருப்பார்களே, ஸ்படிக மாலை, அந்தக் கல்தான். அதற்கென்று ஒரு நிறமும் கிடையாது. பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறதோ அதைக் காட்டும். வேதாந்தத்திலும் இதே உதாரணம் உண்டு, அங்கே படிகத்துக்குப் பக்கத்தில் செம்பருத்திப் பூவை வைப்பார்கள். செம்பருத்தி நம்ம நாட்டுத் தேசிய மலர். ‘புங்கா ராயா’ என்று பள்ளியில் வரைந்து வரைந்து கை வலித்தவர்களுக்கு அதை மறக்க முடியாது. ஒரு நாள் கோவில் வேலியோரம் பூத்ததைப் பறித்து வந்து, ஒரு ஸ்படிக மணியை அதன் மேல் வைத்துக் காட்டினேன். மணி சிவப்பாகத் தெரிந்தது. பூவை எடுத்துவிட்டேன். கல் பழையபடி ஆகிவிட்டது.

அப்புறம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, என்ன படிக்க ஆசை என்று எழுதச் சொன்னேன். மருத்துவம், சட்டம், கணக்கியல், பொறியியல், ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்’ எல்லாம் வந்தன. இப்போது அந்த ஆசையை நினைக்கும்போது யார் முகம் ஞாபகத்துக்கு வருகிறதோ அந்தப் பேரைப் பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒரே சிரிப்பு. அப்புறம் சத்தம் குறைந்தது. ஒருத்தன் அவனுடைய பெரியப்பா மகன் வாங்கிய காரை எழுதியிருந்தான். முகம் கேட்டால் கார் வருகிறது, பாவம். ஒரு பெண், வகுப்பில் எப்போதும் தன் பக்கத்தில் உட்காரும் தோழியின் பேரை எழுதியிருந்தாள். அந்தத் தோழியும் இவள் பேரைத்தான் எழுதியிருந்தாள். இரண்டு பேரும் கணக்கியல். யாரைப் பார்த்து யாருக்கு வந்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

பக்கத்தில் இருக்கும் நிறம் எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு அந்த நிறம் அப்பா அம்மா.

நம்ம கொள்ளுத்தாத்தாக்கள் பெரும்பாலும் பால்மரம் வெட்ட வந்தவர்கள். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போய், மாலையில் லயத்துக்குத் திரும்பிய வாழ்க்கை. தோட்டத்தில் அவர்கள் பார்த்த பெரிய உத்தியோகம் கிராணி வேலை. ஆபீசில், மின்விசிறிக்குக் கீழே, சட்டை கசங்காமல் உட்கார்ந்திருப்பவர். தன் பிள்ளை கிராணி ஆகணும் என்று ஆசைப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்து, தங்கள் பிள்ளைகள் டாக்டராக, வக்கீலாக ஆகணும் என்று ஆசைப்படுகிறார்கள். இது வெறும் பெருமைக்கான ஆசை இல்லை. பசியைப் பார்த்தவர்கள் பிள்ளைக்குக் கட்டித்தர நினைக்கும் கூரை. அதைக் கேலி செய்கிற உரிமை நமக்கு இல்லை.

ஆனால் அந்த ஆசையை ஆராயும் கடமை நமக்கு உண்டு. அவர்கள் மனசில் இருக்கும் ‘டாக்டர்’ பல வருஷத்துக்கு முந்தைய படம். 2016 முதல் அரசு மருத்துவமனைகளில் புது மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி நாடு முழுக்க ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் வெளியே வந்து நின்றது ஞாபகம் இருக்கும். ஐந்து வருஷம் படித்து, இரண்டு வருஷம் பயிற்சி மருத்துவராகத் தூக்கமில்லாமல் உழைத்து, அதற்குப் பிறகும் நிரந்தர வேலைக்குக் காத்திருப்பது என்றால், உள்ளே இருக்கும் ஆசை உங்களுடையதாக இருந்தால்தான் தாங்கும். இரவல் ஆசை இரண்டாவது வருஷத்திலேயே இறங்கிவிடும். மருத்துவத்துக்கு மட்டும் இல்லை, நான் படிக்கும் பொறியியலுக்கும் இது பொருந்தும். எங்கள் பிரிவில் முதல் செமஸ்டர் கணிதத்திலேயே யாருடைய ஆசை யாருடையது என்று ஓரளவு தெரிந்துவிட்டது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: கீதையில் சுதர்மம் என்று சொல்லியிருக்கிறதே, அவரவர் பிறப்பால் வந்த தொழிலைச் செய்யச் சொல்வதுதானே அது? அப்படித்தான் சிலர் இன்றைக்கும் பேசுகிறார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. பிறப்பால் வந்த தொழில்தான் சுதர்மம் என்றால் நாம் எல்லோரும் இன்னும் உளியோடு நிரைக்குத்தான் போகணும். கண்ணன் பதினெட்டாம் அத்தியாயத்தில் ‘சுபாவம்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒருவனுக்குள் ஊறிக் கிடக்கும் இயல்பு. அதிலிருந்து வரும் வேலைதான் அவனுக்குரிய வேலை. அதைத் தவிர்த்து ஓடினாலும் இயல்பு விடாது, இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தும் என்று அர்ச்சுனனை எச்சரிக்கவும் செய்கிறார்.

அர்ச்சுனன் கதையில் நாம் வேகமாகத் தாண்டிப் போகும் ஓர் இடம் இருக்கிறது. போர் ஆரம்பிக்கப் போகிறது. சங்கு ஊதியாச்சு. அந்த நேரத்தில் தேரை இரண்டு சேனைக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறான். யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கணுமாம். நிறுத்திப் பார்த்த பிறகுதான் கலங்குகிறான். நிறுத்தாமல் போயிருந்தால் கலங்கியிருக்க மாட்டான், கீதையும் நமக்குக் கிடைத்திருக்காது. எஸ்.பி.எம். முடிந்து கிடைக்கும் சில மாதங்கள் நம்ம தேர் நிற்கும் இடம். அதை முழுக்க பகுதி நேர வேலையிலும் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ விளையாட்டிலும் கழித்துவிடாதீர்கள். (பாதியைக் கழித்துக்கொள்ளலாம், நானும் மனுஷிதான்.)

அப்புறம் நடப்பது இன்னும் முக்கியம். அர்ச்சுனன் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் காரணங்கள் சொல்கிறான். குலம் அழிந்துவிடும், பெரியவர்களைக் கொல்வதைவிடப் பிச்சை எடுத்துச் சாப்பிடுவது மேல் என்கிறான். கேட்க எவ்வளவு உயர்வாக இருக்கிறது! இன்றைக்கு யாராவது மேடையில் இப்படிப் பேசினால், ‘மனசு சொன்னதைக் கேட்டான்’ என்று கை தட்டுவோம். கண்ணன் கை தட்டவில்லை. இந்தச் சோர்வு உனக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கிறார். கருணை மாதிரி தெரிந்ததுக்குள் தளர்ச்சி ஒளிந்திருப்பதைப் பிடித்துவிடுகிறார்.

நம்மிடமும் இது நடக்கிறது. எங்கள் வகுப்பில் ஒரு தம்பி, அப்பா லாரி ஓட்டுகிறார், படிப்பில் நல்ல கெட்டிக்காரன். "எனக்குப் பணத்தில் ஆசை இல்லைக்கா, அறிவியல் துறையே வேண்டாம், இலக்கியம் படிக்கப் போறேன்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தமிழ் இலக்கியம் படிக்கப் போகும் ஒருவனைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான். கடைசியாக எந்தக் கதைப் புத்தகம் படித்தாய் என்று கேட்டேன். பள்ளிப் பாடநூலைத் தவிர எதுவும் இல்லை. திட்டவில்லை, வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட்டு வா என்று மட்டும் சொன்னேன். அடுத்தடுத்த வாரங்களில் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. இரசாயனத்தில் ஒருமுறை மோசமாக வாங்கியிருக்கிறான். வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இரசாயனம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. இவன் இலக்கியத்தை நோக்கிப் போகவில்லை, ஒரு தாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தான். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அவன் இலக்கியத்தையே எடுக்கலாம், அது வேறு. இப்போது நாவல்களில் எளிதாகக் கிடைப்பது எதையாவது படித்துப் பார்க்கிறேன் என்கிறான், இரசாயனத்தையும் மறுபடி புரட்டிப் பார்க்கிறான். இரண்டில் எது நிற்கிறது என்று பார்ப்போம்.

அதனால் தன்னை விசாரிப்பது என்றால் அப்பா அம்மாவின் நிறத்தைத் துடைப்பது மட்டும் இல்லை. பயமும் ஒரு பூதான். அதுவும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிறம் காட்டும். சோம்பலும் அப்படி. ‘இதில்தான் கணக்கு கம்மி’ என்று ஒரு துறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் பாதி மண்டபம் தூக்கும்.

இயல்பு எங்கே தெரியும் என்று என்னைக் கேட்டால், யாரும் சொல்லாமல் நம்ம கவனம் எங்கே போய் நிற்கிறதோ அங்கே என்பேன். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்வான இடம். கீழ்த்தளம் மூழ்கி, மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். அப்போது நான் படிவம் ஐந்து. அந்த வருஷ எஸ்.பி.எம். 2022 மார்ச்சுக்குத் தள்ளிப் போயிருந்தது. தண்ணீர் வடிந்ததும் வீடுகளைக் கழுவிக் கொடுக்க இளைஞர்களோடு நானும் ஒரு தோழியும் போனோம். சேறு முழங்கால் வரைக்கும் இருந்தது. நனைந்த மெத்தை, குளிர்பெட்டி, சாமி படம் எல்லாம் வாசலில் குவிந்து கிடந்தன. ஒரு வீட்டில் தனியாக இருந்த பாட்டியின் பக்கத்தில் என் தோழி போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் அந்தப் பாட்டி பேசினார், இவள் கேட்டாள். எனக்கு அது வரவில்லை. நான் துடைப்பத்தோடு தெருக் கால்வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மழை நின்று நாளாகியும் இவ்வளவு தண்ணீர் ஏன் போகாமல் நின்றது? அங்கே வேலை செய்த ஓர் அங்கிளிடம் கேட்டேன். ஆற்று மட்டம் கால்வாயைவிட மேலே ஏறிவிட்டால் தண்ணீர் தானாக வடியாது, மதகை மூடி, பம்ப் வைத்துத் தூக்கித்தான் ஊற்றணும் என்றார். வீட்டுக்கு வந்தும் எனக்கு அதே யோசனை. இரண்டு பேரும் ஒரே சேற்றில்தான் நின்றோம். அவள் இன்று உளவியல் படிக்கிறாள். நான் நீரியல் பாடத்துக்குக் காத்திருந்து படித்தேன். அவளுடைய கருணை பெரிது, என் கேள்வி சிறிது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பாட்டிக்கு இரண்டுமே தேவைப்பட்டது.

இதைச் சொன்னதும் ஒரு தம்பி முகம் வாடிப் போனான். அவனுக்கு மார்க் அவ்வளவாக இல்லை. "எங்களுக்கெல்லாம் எங்கேக்கா தேர்ந்தெடுக்கிறது, கிடைச்சதுதான்" என்றான். இந்தப் பேச்சு ஏ வாங்கியவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டான்.

பெரிய புராணத்தைத் திறந்து பாருங்கள். அதிபத்தர் நாகப்பட்டினத்து மீனவர், வலையில் விழுவதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுபவர். திருநீலகண்டர் மண்பாண்டம் செய்தவர். திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்தவர். நேசர் நெசவாளி. கலியர் எண்ணெய் ஆட்டியவர், அந்த எண்ணெயில்தான் கோவில் விளக்கு எரிந்தது. அமர்நீதி வணிகர். இளையான்குடி மாறன் விவசாயி. அரசர்களும் அமைச்சர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். இந்த வேலையை விட்டுவிட்டு உயர்ந்த வேலைக்கு மாறினால்தான் அருள் என்று சிவன் யாரிடமும் நிபந்தனை போடவில்லை. அவர்கள் கையில் இருந்த வேலை வழியாகவே வந்து சேர்ந்தார். நம்ம கோவிலில் அறுபத்து மூவர் சிலை வரிசையாக இருக்கும், போகிற போக்கில் கும்பிட்டுவிட்டுப் போகிறோம். ஒரு நாள் நின்று, ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். பொலிதெக்னிக்கில் மின் வயரிங் படிப்பவனும், ஜியாட்மாராவில் தையல் படிப்பவளும், கார் பழுதுபார்ப்பவனும் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுக்கும் இதே விசாரணைதான். கிடைத்ததை எடுப்பதிலும், கிடைத்த நான்கில் எது என் கைக்கு வரும் என்று பார்த்து எடுப்பது வேறு.

எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். நான் செய்தது, பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். ராத்திரி சாமி விளக்கு முன்னால் பத்து நிமிஷம். கைப்பேசி வேறு அறையில். ஒரு நோட்டுப் புத்தகம். இன்றைக்கு யாரும் சொல்லாமல் நான் எதில் நேரம் போனது தெரியாமல் இருந்தேன், எதைக் கண்டதும் நழுவினேன், எதைப் பற்றிப் பேசும்போது பொய் சொன்னேன். இதை எழுதி வைப்பது. முதல் வாரம் எல்லாமே குப்பையாகத்தான் இருக்கும், ‘பிரியாணி’ என்று மட்டும் எழுதிய நாட்களும் உண்டு. மூன்றாம், நான்காம் வாரத்தில் ஒரே விஷயம் வேறு வேறு பேரில் திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும். அங்கே நில்லுங்கள். நான் என்ன படித்தேன் என்று ஒரு சொந்தக்காரருக்கும் கடைசி வரை தெரியாது என்று வைத்துக்கொண்டால் அப்போதும் இது எனக்கு வேண்டுமா? முதல் செமஸ்டரில் மார்க் குறைந்தாலும் மறுநாள் அந்தப் புத்தகத்தைத் திறப்பேனா? பூவை ஒவ்வொன்றாக எடுக்கிற மாதிரி.

விளக்கு எதற்கு, மேசையில் உட்கார்ந்தே யோசிக்கலாமே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. சித்தாந்தம் சொல்வதைத்தான் சொன்னேன். கண்ணுக்குப் பார்க்கும் சக்தி இருந்தும், இருட்டில் அது எதையும் பார்ப்பதில்லை, வெளிச்சம் வேண்டும். உயிரும் அப்படித்தான், தன்னைத் தானே பார்க்க அதற்குத் திருவருள் வேண்டும். அதோடு, உயிர் எதையாவது சார்ந்துதான் இருக்கும் என்று முதலில் பார்த்தோம். எல்லாப் பூவையும் எடுத்துவிட்டால் அது சும்மா இருக்காது, போய்க் கைப்பேசியைச் சார்ந்துகொள்ளும். அந்தப் பத்து நிமிஷம் இறைவனைச் சார்ந்து இருக்கட்டும். கேட்பவர் முன்னால் பொய் சொல்ல முடியாது என்பதும் ஒரு வசதி.

மருத்துவம் என்று எழுதியிருந்த ஒரு தங்கை தன் பாட்டியின் பேரைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். அந்தப் பாட்டிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இவள்தான் துணைக்குப் போவாள். பாட்டி மேல் உள்ள பாசம் இரவல் இல்லை, அதை யாரும் துடைக்க வேண்டாம். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது உன் கவனம் எங்கே போகும் என்று எழுதிக் கொண்டு வா என்றேன். டாக்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. இரத்தம் குழாயில் போய்த் திரும்பி வருவது, இயந்திரம் ஏன் திடீரென்று சத்தம் போடுகிறது, தாதி எந்தப் பொத்தானை அழுத்தி அதை நிறுத்துகிறார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். மருத்துவ உபகரணப் பொறியியல் என்று ஒரு படிப்பு இருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இன்னும் முடிவு செய்யவில்லை. மருத்துவமும் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் இப்போது கேள்வி தெளிவாக இருக்கிறது.

உள்ளே பார்த்தது போதும் என்று வெளியே பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. படிப்பின் பேரைப் பார்த்து மயங்காமல், மூன்றாம் வருஷத்தில் என்னென்ன பாடம் என்று பட்டியலை எடுத்துப் பாருங்கள். நாம் வாழப் போவது அந்தப் பாடங்களோடுதான். தனியார் கல்லூரி என்றால் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்றும், பொறியியல் என்றால் முடித்ததும் பொறியாளர் வாரியத்தில் பதிந்துகொள்ள முடியுமா என்றும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பி.டி.பி.டி.என். கடன் உங்கள் பேரில்தான் வரும், ஆசை யாருடையதாக இருந்தாலும். ஜோசியரிடம் கேட்கும் வீடுகளும் உண்டு. கேட்கட்டும், ஆனால் அவர் சொல்லும் துறையின் பாடப் பட்டியலையும் நீங்கள்தான் படித்துப் பார்க்கணும்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் எல்லோருக்கும் கடைசியில் வந்து நிற்கும் இடம். "எனக்குப் பிடிக்கல" என்று ஆரம்பித்தால் சண்டை. அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான்கு வாரமாக உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்ப்பா, இதுதான் திரும்பத் திரும்ப வருது, செலவு இவ்வளவு, கடன் இவ்வளவு, வேலை இப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். பிள்ளை விளையாட்டுக்குப் பேசவில்லை என்று தெரிந்தால் பெரும்பாலான அப்பாக்கள் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்காதவர்களும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். அப்போது ஒரு பெரியவரைத் துணைக்கு அழையுங்கள். அர்ச்சுனனுக்குக்கூடக் கேள்வி கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நூற்றுக்கணக்கான சுலோகம் பேசிவிட்டு, கடைசியில், நான் சொன்னதை முழுக்க யோசித்துப் பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்ற கருத்தில் முடிவை அர்ச்சுனன் கையிலேயே விட்டுவிட்டார். பகவானே அப்படி விட்டிருக்கும்போது மாமாவும் அத்தையும் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். அவர்களும் இந்த இதழைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

விண்ணப்பம் மூடும் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் கோவில் மண்டபத்தில் நானும், மூத்த மாணவர்கள் சிலரும் இருப்போம். சட்டம், கணக்கியல், தாதியர் படிப்பு, பொலிதெக்னிக் என்று ஆளுக்கொரு துறையில் படிப்பவர்கள். அவரவர் பாடப் பட்டியலைக் கையோடு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வரும்போது நோட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள். பிரியாணிப் பக்கங்களை மட்டும் கிழித்துவிட்டு வரலாம்.